கணக்கில் வராத ஏழு பருவங்கள்

ஃபிராங்க் ஸ்விஃப்ட் என்ற இங்கிலாந்து கோல்கீப்பரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கழித்தல் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். 1913 டிசம்பர் 26 அன்று பிளாக்பூலில் பிறந்தவர் அவர். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது வயது 25. இங்கிலாந்தின் லீக் போட்டிகள் 1946 ஆகஸ்டில் முறையாகத் திரும்பத் தொடங்கியபோது வயது 32. இடைப்பட்டவை ஏழு பருவங்கள். அன்றைய முதல் இரண்டு டிவிஷன்களிலும் ஓர் அணி பருவத்துக்கு 42 லீக் ஆட்டங்கள் ஆடும். ஏழு பருவங்களுக்கு 294. மான்செஸ்டர் சிட்டிக்காக ஸ்விஃப்ட் ஆடியதாகப் பதிவாகியிருக்கும் லீக் ஆட்டங்கள் 338. இரண்டையும் கூட்டினால் 632. இங்கிலாந்துக்காக அவர் ஆடிய அதிகாரப்பூர்வ ஆட்டங்களோ வெறும் 19; பத்தொன்பதும் போருக்குப் பிறகு ஆடியவை. போர் மட்டும் குறுக்கிடாதிருந்தால் அதுவும் அறுபது, எழுபது என்று போயிருக்கும். ஆகவே ஓர் ஆட்டக்காரரின் உச்ச காலத்தை ஹிட்லர் விழுங்கிவிட்டார் என்று கட்டுரை முடியும். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆட்டக்காரர்களின் வாழ்வை எண்களாலேயே அளந்து பழகிய நமக்கு இதற்கு மேல் கேள்வி எழுவதில்லை.

இந்தக் கணக்கில் எண்கள் பிழையில்லை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் நிற்கவில்லை. ஏழு பருவங்களில் ஸ்விஃப்ட் பந்தைத் தொடாமல் இருந்தார் என்பது போன்ற ஒரு தோற்றத்தை அட்டவணையின் வெற்றிடம் தருகிறது. உண்மையில் அந்த ஆண்டுகளில் அவர் தன் கிளப்புக்காக ஆடினார், ராணுவ அணிகளுக்காக ஆடினார், இங்கிலாந்துக்காகவே ஆடினார். அந்த ஆட்டங்களை எண்ணக் கூடாது என்று முடிவெடுத்தது கால்பந்து நிர்வாகம். போர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் முதன்மையானவை கூலியும் பதிவும். கோல்கம்பத்தின் கீழ் நிற்கும் வாய்ப்பை அது முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்வதேச ஆட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் வேறு. அமைதிக் காலத்தில் அவருக்கு மூடியிருந்த கதவு போர்க்காலத்தில்தான் திறந்தது. போர் அவருக்கு நன்மை செய்தது என்று வாதிடுவது இங்கே நோக்கமில்லை. ஒரு போர் ஓர் ஆட்டக்காரருக்கு எவ்வளவு இழப்பைத் தந்தது என்பதை அறிய, கழித்தல் கணக்கு போதாது என்பதே வாதம்.

போருக்கு முந்தைய ஸ்விஃப்ட்டை முதலில் பார்க்க வேண்டும். 1933 கிறிஸ்துமஸ் நாளில், இருபது வயது நிறைவதற்கு முந்தைய தினம், டெர்பி கவுன்டிக்கு எதிராக சிட்டியின் முதல் அணியில் இறங்கினார். அணி 4-1 என்று தோற்றது. நான்கு மாதங்களில், 1934 ஏப்ரல் 28 அன்று, வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் நின்றார். அன்று மழை. கையுறை போடுவதா வேண்டாமா என்று தயங்கி, எதிர்முனையில் நின்ற போர்ட்ஸ்மவுத் கோல்கீப்பரைப் பார்த்திருக்கிறார். அவர் போடவில்லை, மூத்தவரைப் பார்த்து இவரும் போடவில்லை. ஈரப்பந்து கையில் பட்டு உள்ளே போனது. பாதி ஆட்டத்தில் தன் பிழை என்று உடைந்துபோனவரைச் சக ஆட்டக்காரர் ஃபிரெட் டில்சன் தேற்றினார். அந்த டில்சனே பிற்பாதியில் இரண்டு கோல் அடித்தார். கோலின் பின்னால் இருந்த புகைப்படக்காரர்கள் மிச்ச நிமிடங்களைச் சொல்லிக்கொண்டே வர, இறுதி விசில் ஊதியதும் ஸ்விஃப்ட் மயங்கி விழுந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நலம் விசாரிக்கும் அளவுக்கு அது செய்தியானது. 1937இல் சிட்டி லீக் சாம்பியன். அதற்கு அடுத்த பருவத்திலேயே, டிவிஷனில் வேறெந்த அணியையும்விட அதிகமாக 80 கோல் அடித்தும், அதே சிட்டி இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது. நடப்பு சாம்பியன் அணி உடனடியாகக் கீழிறங்கியது இங்கிலாந்து வரலாற்றில் அந்த ஒருமுறைதான்.

ஆக, 1939இல் போர் வந்தபோது அது குறுக்கிட்டது ஓர் இரண்டாம் டிவிஷன் கோல்கீப்பரின் வாழ்வில். இங்கிலாந்து அணியில் அதுவரை அவருக்கு இடமே கிடைத்திருக்கவில்லை. கோப்பையும் லீக் பட்டமும் வென்ற ஒருவருக்கு வாய்ப்புத் தர அன்றைய தேர்வுக் குழுவினருக்கு ஐந்து ஆண்டுகள் இருந்தன. அந்த ஆண்டுகளில் அவர்கள் பர்மிங்காமின் ஹாரி ஹிப்ஸ், ஆர்சனலின் ஃபிராங்க் மாஸ், எவர்ட்டனின் டெட் சாகர், பிரெஸ்டனின் ஜார்ஜ் ஹோல்ட்கிராஃப்ட், கிரிம்ஸ்பியின் ஜார்ஜ் ட்வீடி என்று ஒருவர் மாற்றி ஒருவராக முயன்று பார்த்தார்கள். கடைசியில் 1937 ஏப்ரலில் செல்சியின் விக் வுட்லியிடம் வந்து நிலைகொண்டார்கள். அங்கிருந்து 1939 மே வரை தொடர்ச்சியாக 19 ஆட்டங்களில் வுட்லிதான். 1938இல் பெர்லினில் ஆட்டத்துக்கு முன் நாஜி வணக்கம் செலுத்தும்படி இங்கிலாந்து வீரர்கள் பணிக்கப்பட்ட அந்தப் பெயர்கெட்ட நாளிலும் கோலில் நின்றவர் அவரே. ஆறு பேரைப் பார்த்த கண்கள் ஏழாமவரைப் பார்க்கவில்லை. ‘போர் இல்லாதிருந்தால் அறுபது ஆட்டங்கள்’ என்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த அறுபதில் முதலாவது ஆட்டம் ஸ்விஃப்ட்டுக்கு எந்த ஆண்டு, யாரை விலக்கிக் கிடைத்திருக்கும்?

இனி போர்க்காலம். 1939 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய லீக் பருவம் செப்டம்பர் 2ஆம் தேதியோடு நின்றது. ஆடிய சில ஆட்டங்களும் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஆனால் அவர்களுடைய பதிவு உரிமையைக் கிளப்புகள் கையைவிட்டு விடவில்லை. கூட்டம் சேர்வதற்குக் கட்டுப்பாடு, நெடுந்தூரப் பயணத்துக்குக் கட்டுப்பாடு என்ற நிலையில் சில வாரங்களுக்குள் வட்டார லீக்குகள் உருவாயின. ஓர் ஆட்டக்காரர் எந்த முகாமில் இருக்கிறாரோ அதன் பக்கத்துக் கிளப்புக்கு ‘விருந்தாளி ஆட்டக்காரர்’ ஆக ஆடலாம் என்ற ஏற்பாடு வந்தது. பல ஆட்டக்காரர்கள் ராணுவத்திலும் விமானப்படையிலும் உடற்பயிற்சி ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். ஸ்விஃப்ட் முதலில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் சிறப்புக் காவலராகப் போனார். பணியின் முதல் நாளே சந்திப்பில் வண்டிகளைச் சிக்கவைத்துவிட்டு, அவிழ்க்க வழி தெரியாமல் நழுவிவிட்டார் என்று ஒரு வேடிக்கைக் கதை அவரைப் பற்றி உலவுவது உண்டு. பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். இந்தக் காலம் முழுக்க, பணி விட்ட நேரங்களில், சிட்டியின் கோலில் அவர் நின்றார்.

அதைவிட முக்கியம் சர்வதேச ஆட்டங்கள். போரின்போதும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் அணிகள் தமக்குள் தொடர்ந்து ஆடின. மக்களின் மன உறுதிக்கு நல்லது என்று அரசும் ஆதரித்தது. ஹாம்ப்டன் பார்க்கில் லட்சத்துக்கு மேல் கூட்டம் வந்த ஆட்டங்கள் இவற்றில் உண்டு. 1943 அக்டோபர் 16 அன்று சிட்டியின் சொந்த மைதானமான மெய்ன் ரோட்டில் இங்கிலாந்து ஸ்காட்லாந்தை 8-0 என்று வென்றது. ஸ்டான்லி மாத்யூஸ், டாமி லாட்டன், ரெய்ச் கார்ட்டர், ஸ்டான் கல்லிஸ், ஜோ மெர்சர் ஆகியோர் ஆடிய அந்த அணியை இங்கிலாந்தின் மிகச்சிறந்த அணிகளில் ஒன்றாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதன் கோலில் ஸ்விஃப்ட். இத்தாலியில் நிலைகொண்டிருந்த படையினருக்காக மேட் பஸ்பியின் தலைமையில் சுற்றிவந்து ஆடிய ராணுவ அணியிலும் அவர் இருந்தார். போர்க்கால, வெற்றிவிழா ஆட்டங்கள் எல்லாம் சேர்த்து இங்கிலாந்துக்காக அவர் ஆடியவை பத்துக்கும் மேல். இவற்றில் ஒன்றுகூட அதிகாரப்பூர்வக் கணக்கில் இல்லை. 1946 செப்டம்பர் 28 அன்று பெல்ஃபாஸ்ட்டில் வட அயர்லாந்தை 7-2 என்று வென்ற இங்கிலாந்து அணியில் பதினொருவரில் ஒன்பது பேர் ‘அறிமுக ஆட்டக்காரர்கள்’ என்று ஏடு சொல்கிறது. ஆனால் ஸ்விஃப்ட், லாரி ஸ்காட், ஜார்ஜ் ஹார்ட்விக், நீல் ஃபிராங்க்ளின், வில்ஃப் மானியன் போன்றோர் அதற்கு முன்பே இங்கிலாந்து சட்டை போட்டு ஆடியிருந்தார்கள். அறிமுகமானவர்கள் நிறைந்த அணி ஏழு கோல் போட்டதை ஏடு அதிசயமாக்குகிறது. சேர்ந்து ஆடிப் பழகியவர்கள் என்று தெரிந்தால் அதில் அதிசயம் இல்லை.

இதற்கு உடனடியாக எழும் மறுப்பு உண்டு. போர்க்கால ஆட்டங்களை உண்மையான ஆட்டங்களாக எடுத்துக்கொள்ள முடியுமா? ஆள் பற்றாக்குறையில் பார்வையாளர்களிடையே ஆட்டக்காரரைத் தேடிய கதைகள் இருக்கின்றன. ஒரே வாரத்தில் அணியின் பாதி மாறிப்போகும். பயிற்சிக்கு நேரம் இல்லை, உணவுக்கு ரேஷன். வட்டார லீக்கில் வென்றவரை யாரும் சாம்பியன் என்று கொண்டாடவில்லை. நிர்வாகம் இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஒருபுறம் முழுப் பலத்தோடும் மறுபுறம் கிடைத்தவர்களோடும் நடந்த ஆட்டத்தை லீக் ஆட்டத்தோடு ஒரே நிரையில் வைத்தால் அட்டவணையே பொருளிழக்கும். ஆனால் இந்த மறுப்பு அட்டவணைக்குத்தான் பொருந்தும், ஆட்டக்காரருக்குப் பொருந்தாது. ஒரு வெற்றியின் மதிப்பைத் தளர்ந்த எதிரணி குறைக்கலாம். மாத்யூஸும் மெர்சரும் முன்னால் நிற்க, அவர்களுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைப் படித்த கோல்கீப்பரின் கற்றலை அது குறைப்பதில்லை. தவிர, சர்வதேச ஆட்டங்களில் இருபுறமும் இறங்கியவர்கள் பெரும்பாலும் அந்தந்த நாட்டின் தேர்ந்த ஆட்டக்காரர்களே. பதிவேட்டுக்குத் தகுதி இல்லை என்பதும் ஆட்டமே நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. கழித்தல் கணக்கு முதலாவதை இரண்டாவதாக எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. போர்க்கால ஆட்டங்களால் கற்றல் தொடர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அமைதி நிலவியிருந்தால் 294 லீக் ஆட்டங்களும் பட்டங்களும் கிடைத்திருக்குமே, அந்த இழப்பு இழப்புதானே? இழப்புதான். அதன் அளவுதான் கேள்வி. 294 என்பது ஏழு பருவங்களிலும் ஒரு காயமும் படாமல், ஒரு நாளும் இடம் இழக்காமல் ஆடினால் எட்டக்கூடிய உச்ச எண். 1930களின் கோல்கீப்பருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இருந்ததில்லை. பந்தைக் கையில் வைத்திருப்பவரைத் தோளால் மோதித் தள்ள எதிரணிக்கு விதி இடம்கொடுத்தது. மாஸ் 1935இல் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் தோள்மூட்டு விலகி, கட்டிக்கொண்டு இடதுசாரியில் போய் நின்று கோல்கூட அடித்தார். ஆனால் அந்தத் தோள் திரும்பச் சரியாகவில்லை. முப்பதை எட்டுவதற்கு முன்பே அவர் ஆட்டம் முடிந்தது. சண்டர்லேண்டின் ஜிம்மி தோர்ப் 1936 பிப்ரவரியில் செல்சிக்கு எதிரான ஆட்டத்தில் உதைபட்டு, சில நாட்களில் இறந்துபோனார். அவருக்கு வயது 22. இருவரையும் வீழ்த்தியது அமைதிக் காலக் கால்பந்து. போர் இல்லாத ஏழு ஆண்டுகளைக் கற்பனை செய்கிறவர்கள் அந்த ஆண்டுகளில் நல்லவை மட்டுமே நடப்பதாகக் கற்பனை செய்கிறார்கள். சாம்பியனாகி ஓர் ஆண்டில் கீழே போன அணியின் கோல்கீப்பருக்கு அந்த உறுதியை யார் கொடுத்திருக்க முடியும்?

கற்பனையை விட்டு ஒப்பீட்டுக்கு வருவோம். ஒரே போரைச் சந்தித்த மற்ற கோல்கீப்பர்களுக்கு என்ன ஆனது? 1946 ஏப்ரல் 27 அன்று வெம்ப்ளியில் டெர்பி கவுன்டியும் சார்ல்டன் அத்லெடிக்கும் மோதிய எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் இந்த ஒப்பீட்டுக்காகவே அமைந்தது போல இருக்கிறது. டெர்பி கோலில் வுட்லி. போருக்கு முன் இங்கிலாந்தின் நிரந்தர கோல்கீப்பராக இருந்தவர், போர் முடிந்ததும் லீக்குக்கு வெளியே பாத் சிட்டிக்குப் போய்விட்டார். கோல்கீப்பர் இல்லாமல் தவித்த டெர்பி அவரை அழைத்துவந்தது. சார்ல்டன் கோலில் சாம் பார்ட்ரம். டெர்பி கூடுதல் நேரத்தில் 4-1 என்று வென்றது. 36 வயது வுட்லிக்குக் கோப்பைப் பதக்கம் கிடைத்தது. இங்கிலாந்துச் சட்டை திரும்பக் கிடைக்கவில்லை. ஐந்து மாதங்கள் கழித்து பெல்ஃபாஸ்ட்டில் அது ஸ்விஃப்ட்டுக்குப் போயிற்று. வுட்லி போருக்கு முன் 19, பின் சுழியம். ஸ்விஃப்ட் போருக்கு முன் சுழியம், பின் 19. போர் தொடங்கியபோது வுட்லிக்கு 29 வயது. அமைதி நீடித்திருந்தால் இன்னும் நான்கைந்து ஆண்டுகள் அந்த இடத்தை அவர் பிடித்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருக்கிறது. அப்படியானால் ஸ்விஃப்ட் ‘இழந்தவை’ என்று நாம் எண்ணும் ஆட்டங்களில் பெரும்பகுதி வுட்லி இழந்தவை. ஒரே ஆட்டத்தை இரண்டு பேர் பெயரில் இழப்பாக எழுத முடியாது.

பார்ட்ரமின் கதை இன்னொரு பாடம். 1914 ஜனவரி 22 அன்று பிறந்த அவர் ஸ்விஃப்ட்டைவிட ஒரு மாதம்கூட இளையவரில்லை. போர் இருவரையும் ஒரே வயதில் பிடித்தது, ஒரே வயதில் விட்டது. 1944 முதல் 1947 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வெம்ப்ளி இறுதி ஆட்டங்களில் நின்றவர் பார்ட்ரம். அவற்றில் ஒன்று, 1945இல், மில்வாலுக்கு விருந்தாளியாக ஆடியது. சார்ல்டனுக்காக 579 லீக் ஆட்டங்கள். 42 வயதில், 1956இல்தான் ஓய்வு. போர்க்காலத்தில் இங்கிலாந்துக்கும் ஆடினார். அதிகாரப்பூர்வ சர்வதேச ஆட்டம் ஒன்றுகூட இல்லை. ஒரே போர், ஒரே வயது, ஒரே இடம். ஒருவருக்கு 19, மற்றவருக்கு ஒன்றும் இல்லை. போர்தான் காரணம் என்றால் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே விளைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பார்ட்ரமைத் தடுத்தது அவருக்கு முன்னால் நின்ற ஸ்விஃப்ட்டும், ஸ்விஃப்ட்டுக்குப் பின்னால் இளையவர்களைத் தேடிய தேர்வாளர்களும். பதினொருவரில் ஒரே ஒருவருக்கு மட்டும் இடம் உள்ள வேலையில் இழப்பை அளக்க, முன்னால் நிற்பவர் யார் என்று பார்க்காமல் தீராது.

இளையவர்களின் பக்கம் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. பெர்ட் வில்லியம்ஸுக்கு போர் தொடங்கியபோது 19 வயது. மூன்றாம் டிவிஷனில் வால்சாலின் கோல்கீப்பர். விமானப்படையில் உடற்பயிற்சி ஆசிரியராக ஆண்டுகளைக் கழித்தவரை 1945இல் உல்வ்ஸ் 3,500 பவுண்டுக்கு வாங்கியது. 1949இல் எஃப்.ஏ. கோப்பை, 1954இல் லீக் பட்டம், இங்கிலாந்துக்கு 24 ஆட்டங்கள். மாறாக ஆர்சனலின் ஜார்ஜ் மார்க்ஸ் போர்க்காலத்தில் இங்கிலாந்துக்காக மீண்டும் மீண்டும் தேர்வானவர். அமைதி திரும்பியபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. அவருடைய சர்வதேச வாழ்வு முழுவதும் போருக்குள்ளேயே தொடங்கி முடிந்தது, அதாவது ஏட்டின்படி நடக்கவே இல்லை. சிட்டியில் ஸ்விஃப்ட்டின் இடத்துக்கு 1949 அக்டோபரில் வந்த பெர்ட் ட்ராட்மன் ஜெர்மன் பாராசூட் படைவீரராக இருந்து பிடிபட்டவர். லங்காஷயர் கைதி முகாமில் ஆடும்போதுதான் கோல்கீப்பராக மாறினார். ஜெர்மானியரை எடுப்பதா என்று மான்செஸ்டரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு சிட்டிக்காக 545 ஆட்டங்கள் ஆடினார். ஒருவரின் வாழ்வை முடித்த போர் வேறொருவருக்கு வாழ்வைத் தொடங்கிவைத்தது. ‘போர் குறுக்கிட்டது’ என்ற ஒரே வாசகத்தில் இவர்கள் அனைவரையும் அடைப்பது வரலாறு ஆகாது.

வயதோடு ஆடும் இடமும் சேர்ந்து வேலை செய்கிறது. முன்வரிசையில் ஓடுகிறவருக்கு 25 முதல் 32 வரை போனால் வேகமும் போய்விடும். கோல்கீப்பரின் முதல் கருவி இடம் அறிந்து நிற்பது. அது ஆண்டுகளோடு கூடும். முதல் உலகப் போருக்கு முன்பும் பின்பும் இங்கிலாந்துக்கு நின்ற சாம் ஹார்டி 1907 முதல் 1920 வரை 21 ஆட்டங்கள் ஆடினார். 1920இல் 37 வயதில் ஆஸ்டன் வில்லாவோடு எஃப்.ஏ. கோப்பை வென்றார். இத்தாலியின் டினோ சோஃப் 40 வயதில் உலகக் கோப்பையைத் தூக்கினார். ஸ்விஃப்ட்டின் உச்சமும் பின்னால்தான் வந்தது. 1948 மே 16, டூரின். 1934இலும் 1938இலும் உலகக் கோப்பை வென்ற இத்தாலி, டொரினோ கிளப்பின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் பலரோடு இறங்கியது. அணித்தலைவர் ஹார்ட்விக் இல்லாததால் தலைமை ஸ்விஃப்ட்டிடம் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய முதல் கோல்கீப்பர் அவரே. ஸ்டான் மார்டென்சன் தொடக்கத்திலேயே நம்ப முடியாத கோணத்திலிருந்து ஒரு கோல் அடித்தார். அதன்பின் நீண்ட நேரம் பந்து இங்கிலாந்தின் கோல்முகத்திலேயே இருந்தது. அந்த நேரத்தை ஸ்விஃப்ட் தாங்கினார். முடிவு 4-0. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறக்குறைய ஓர் அடி விரியும் கை அவருக்கு. அதை வைத்துப் பந்தை ஒற்றைக் கையால் பற்றி, கண்மூடி உதைத்து அனுப்பாமல், தன் அணியினர் ஒருவரைப் பார்த்து எறிவார். கோல்கீப்பரைத் தாக்குதலின் முதல் ஆளாக ஆக்கிய அந்தப் பழக்கத்தை முன்னோடியாகச் செய்தவர்களில் அவர் ஒருவர். அதற்கு வேண்டியது நிதானம். இளமை அதைக் கொடுப்பதில்லை.

பத்தொன்பது என்ற எண்ணின் மறுமுனையையும் யாரும் கவனிப்பதில்லை. போருக்குப் பிந்தைய முதல் 17 சர்வதேச ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஸ்விஃப்ட் விடவில்லை. மொத்தம் ஆடிய 19இல் 14 வெற்றி, 3 சமன், 2 தோல்வி. 1949 மே மாதம் நார்வேக்கு எதிராக ஆஸ்லோவில் கடைசி ஆட்டம். கோல்கீப்பர் டெட் டிச்பர்ன் போட்டிக்கு வந்துவிட்டிருந்தாலும், ஸ்விஃப்ட்டை யாரும் அப்போது துரத்தவில்லை. உச்சத்தில் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்று 35 வயதில் அவரே முடிவெடுத்தார். சிட்டியின் கெஞ்சலுக்காக அடுத்த பருவத்தில் சில ஆட்டங்கள் நின்று கொடுத்துவிட்டு நகர்ந்தார். பார்ட்ரம் 42 வரை ஆடிய நாட்டில் இது கட்டாய ஓய்வு ஆகாது. எண் சிறியதாக இருப்பதற்கு முன்பக்கத்தில் தேர்வாளர்களும் பின்பக்கத்தில் அவருடைய சொந்த விருப்பமும் காரணம். நடுவில் மட்டும் போர்.

அப்படியானால் போர் எதையும் எடுக்கவில்லையா? எடுத்தது; ஆனால் பலரும் பார்க்கும் இடத்தில் அல்ல. போருக்கு முன் ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் உச்சவரம்புக் கூலி பருவகாலத்தில் வாரத்துக்கு 8 பவுண்டு. போர்க்காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு 30 ஷில்லிங், அதாவது ஒன்றரை பவுண்டு, அதுவும் ஆடினால்தான். பிற்பாடு 2 பவுண்டாக உயர்ந்தது. ராணுவச் சம்பளத்தோடு சேர்த்தாலும், ஆட்டக்காரரின் குறுகிய சம்பாத்திய காலத்தில் ஏழு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. அதே சமயம் அவருடைய பதிவு உரிமை மட்டும் கிளப்பின் கையிலேயே இருந்தது. உச்சவரம்பு ஒழிந்தது 1961இல்தான். இதுவே அளந்து சொல்லக்கூடிய, சந்தேகத்துக்கு இடமில்லாத இழப்பு. கோப்பைகளின் கற்பனைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. இதற்கு மேலே, கணக்கே இல்லாத இழப்பு ஒன்று உண்டு. போல்ட்டன் வாண்டரர்ஸின் அணித்தலைவர் ஹாரி காஸ்லின் தன் அணியினரோடு பீரங்கிப் படையில் சேர்ந்து, 1943 டிசம்பரில் இத்தாலியில் உயிரிழந்தார். அவருடைய வரலாற்றில் ‘இடைவெளி’ என்ற பேச்சுக்கே இடமில்லை. உயிரோடு திரும்பி, 19 முறை இங்கிலாந்துக்கு நின்றவரின் வாழ்வை அதே சொற்களால் அழுவது காஸ்லின் போன்றவர்களின் முடிவைச் சிறிதாக்குகிறது.

பிறகு ஏன் களவுபோன ஏழு ஆண்டுகள் என்ற கதை இவ்வளவு உறுதியாக நிலைத்தது? ஒரு காரணம் ஸ்விஃப்ட்டின் மரணம். ஓய்வுக்குப் பின் அவர் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ இதழுக்குக் கால்பந்துச் செய்தியாளர் ஆனார். பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் முடிந்து திரும்பிய மான்செஸ்டர் யுனைடெட் அணியோடு விமானத்தில் வந்தார். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் அந்த விமானம் விபத்துக்குள்ளாகி இறந்த 23 பேரில் அவரும் ஒருவர். உடன் சென்ற செய்தியாளர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். வயது 44. அவரோடு 1934 கோப்பையை வென்ற, இத்தாலியில் ராணுவ அணியை நடத்திய பஸ்பி யுனைடெட்டின் மேலாளராக அதே விமானத்தில் இருந்து, படுகாயத்தோடு பிழைத்தார். இப்படி ஒரு முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் படிக்கிறவர்களுக்கு வாழ்வு முழுவதும் பறிபோனவற்றின் வரிசையாகத் தெரிவது இயல்பு. மியூனிக்கின் துயரம் உண்மை. அந்தத் துயரத்தை முன்தேதியிட்டு 1939இல் கொண்டுபோய் வைப்பதுதான் தவறு.

ஆட்டங்களின் புள்ளிவிவரம் ஒரு நிர்வாகம் எதை எண்ண முடிவெடுத்ததோ அதன் பதிவு. ஆட்டக்காரர் என்ன செய்தார் என்பதற்கு அது ஒரு சாட்சி மட்டுமே. போர்க்கால ஆட்டக்காரர்களின் வாழ்வை மதிப்பிட வேண்டுமானால் குறைந்தது நான்கைக் கேட்க வேண்டும்: போர் எந்த வயதில் பிடித்தது, அப்போது அவருக்கு முன்னால் யார் நின்றார்கள், எண்ணப்படாத ஆட்டங்களில் அவர் எங்கே இருந்தார், கையில் என்ன கூலி கிடைத்தது. இந்த நான்கையும் ஸ்விஃப்ட்டிடம் கேட்டால், இரண்டாம் டிவிஷன் கோல்கீப்பராகப் போருக்குள் நுழைந்தவர் நாட்டின் முதல் கோல்கீப்பராக வெளியே வந்தது தெரிகிறது. அவருடைய 19 ஆட்டங்களை அறுபதில் மீந்த துண்டாகப் பார்க்கும்வரை அந்த ஏழு ஆண்டுகளில் அவர் செய்த வேலை நம் கண்ணில் படாது. எண்ணாமல் விட்டது அன்றைய நிர்வாகம். அதை நடக்காததாக ஆக்கிக்கொண்டிருப்பது இன்று எழுதும் நாம்.